எஃகு ரவை சுட்டால் துப்பாக்கிக் குழல் பழுதாகுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு 12 போர் (குழலின் உள்விட்ட அளவைக் குறிக்கும் பெயர்) துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்று மாமனார் விட்டுச்சென்றது. 1930-களில் பர்மிங்காமில் செய்யப்பட்டது. இரு குழல்களும் அருகருகே அமைந்தது. மற்றொன்று வானில் வீசப்படும் களிமண் தட்டு சுடுவதற்காக நீங்களே வாங்கியது, புதியது, குழல்கள் மேலும் கீழுமாக அமைந்தது. ஈய ரவையை (ரவை என்பது தோட்டாவுக்குள் நிரப்பும் சிறு குண்டுகள்) கைவிட வேண்டிய காலம் நெருங்கிவிட்டதால் எஃகு ரவைத் தோட்டாவுக்கு மாறலாமா என்று யோசிக்கிறீர்கள். ஆனால் கிளப்பில் ஒருவர், எஃகு ரவை குழலை உள்ளே அரம்போல் அராவிவிடும் என்கிறார். இன்னொருவர், அதெல்லாம் பழங்கதை, எந்தத் துப்பாக்கியிலும் சுடலாம் என்கிறார். யார் சொல்வதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய துப்பாக்கியில், சோக் (குழல் வாயின் குறுகல்) பாதிக்கு மேல் இறுக்கமாக இல்லாதவரை, எஃகு ரவையைத் தயங்காமல் சுடலாம். மாமனாரின் துப்பாக்கியில் சுடாதீர்கள். குழல் அராவப்படும் என்ற அச்சத்தை விட்டுவிடுங்கள். கவனம் வைக்க வேண்டிய இடம் குழலின் நீளம் முழுவதும் அல்ல, வாய்ப்புறத்தில் உள்ள கடைசி ஐந்தாறு சென்டிமீட்டர் மட்டுமே. நான் உலோகவியல் படித்தவன். பல ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் ஒரு துப்பாக்கிப் பட்டறையில் குழல்களை அளந்து கொடுத்து வருகிறேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கினால், நாளை வேறொரு துப்பாக்கி உங்கள் கைக்கு வந்தாலும் நீங்களே முடிவெடுக்க முடியும்.

எஃகு ரவை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் பால்ரஸ் குண்டு. அச்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பால்ரஸ் குண்டு, கார்பன் மிகுந்த எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கியது. விக்கர்ஸ் அளவுகோலில் அதன் கடினம் 700-க்கும் மேல். அதைத் தோட்டாவில் இட்டுச் சுட்டால் குழல் கெடும் என்பதில் ஐயமே இல்லை; அப்படி யாரும் முயன்று பார்க்கவும் கூடாது. ஆனால் தோட்டாவில் வரும் எஃகு ரவை வேறு பொருள். கார்பன் மிகக் குறைந்த, ஏறத்தாழ தூய இரும்பு என்றே சொல்லத்தக்க உலோகத்தை உருட்டி, பிறகு சூடேற்றி மெல்ல ஆறவிட்டு, வேண்டுமென்றே இளக்கியிருப்பார்கள். அதன் கடினம் 100-ஐ ஒட்டி இருக்கும். ஐரோப்பிய விதிகள் அதற்கு உச்சவரம்பே வைத்திருக்கின்றன. இன்றைய குழல்களைச் செய்யும் குரோம் கலந்த எஃகின் கடினம் 200-க்கு மேல். எனவே குழல்தான் ரவையைவிடக் கடினமானது. ஆனால் இதை மட்டும் வைத்து ஆபத்தில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது, ஏனென்றால் தூய ஈயத்தின் கடினம் அதே அளவுகோலில் 5 அளவுதான். ஈய ரவை எங்கே நெருக்கினாலும் நசுங்கிக் கொடுக்கும். எஃகு ரவை கொடுக்காது. எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வேற்றுமையிலிருந்துதான் வருகிறது.

முதலில் அராவும் கதையை முடித்துவிடுவோம். ஒரு ஈயத் தோட்டாவையும் ஒரு எஃகுத் தோட்டாவையும் நீளவாக்கில் வெட்டி மேசைமேல் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். (இதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், உள்ளே வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் தீப்பொறிக் கிண்ணமும் உயிரோடு இருக்கின்றன.) ஈயத் தோட்டாவில் ரவைக்கும் மருந்துக்கும் நடுவே அமுக்கிய நாரால் ஆன ஒரு கட்டை மட்டுமே இருக்கலாம், பிளாஸ்டிக் கிண்ணம் இருந்தாலும் அதன் இதழ்கள் மெல்லியவை, விரலால் வளைத்தால் காகிதம்போல் மடங்கும். எஃகுத் தோட்டாவில் இருக்கும் கிண்ணம் வேறு வகை. இதழ்கள் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும். ரவை முழுவதும் விளிம்புவரை அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஒரு ரவைகூட வெளியே தலைகாட்டாது. தோட்டா வெடித்ததிலிருந்து குழலின் வாயைத் தாண்டும்வரை ரவை இந்தக் கிண்ணத்துக்குள்ளேயே பயணம் செய்கிறது. குழலைத் தொடுவது பிளாஸ்டிக், எஃகு அல்ல.

கனமான இந்தக் கிண்ணம் தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1970-களில் எஃகு ரவை பரவலாக வரத் தொடங்கியபோது, ஈயத்துக்கென்று செய்த மெல்லிய கிண்ணங்களையே நம்பியிருந்தால் ரவை இதழைத் துளைத்துக்கொண்டு குழலில் உரசும் என்பதைச் செய்முறையில் கண்டுகொண்டார்கள். கிளப்பில் அரம் என்று சொன்னவர் கேட்டறிந்த செய்தி அந்தக் காலத்திலிருந்து வழிவழியாக வந்ததாக இருக்கக்கூடும். இன்றைக்கும் அந்த எச்சரிக்கை ஓர் இடத்தில் உயிரோடு இருக்கிறது: தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்பவர்கள் ஈயத்துக்கான கிண்ணத்திலோ, நார்க்கட்டையின்மேலோ எஃகு ரவையை இட்டால் குழலில் நீளவாட்டில் கீறல் விழும். ஈயத்துக்கு எழுதப்பட்ட மருந்தளவை எஃகுக்குப் பயன்படுத்தினால் அதைவிடப் பெரிய கேடு வரும், ஏனென்றால் நசுங்காத ரவை அழுத்தத்தை வேறுவிதமாக ஏற்றுகிறது. கடையில் பெட்டியாக வாங்கும் தோட்டாவில் இந்த இரண்டு அச்சமும் வேண்டாம்.

இனி உண்மையான இடத்துக்கு வருவோம். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. ரவைக்கூட்டம் வெளியே போனதும் விரைவில் சிதறிவிடாமல் இருக்க, வாய்ப்புறத்தில் குழலைச் சற்றே குறுக்கியிருப்பார்கள், அதுதான் சோக். முழுச் சோக் என்றால் ஏறத்தாழ 1 மி.மீ. குறுகல்; பாதிச் சோக் 0.5 மி.மீ.; கால் சோக் 0.25 மி.மீ. கேட்பதற்குச் சிறிய எண்களாகத் தோன்றும். ஆனால் விட்டம் 18.5-லிருந்து 17.5-ஆகக் குறையும்போது வழியின் பரப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வரும் ரவைக்கூட்டம், ஒரு நொடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், இந்த இடுக்கில் தன்னை ஒடுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும்.

ஈய ரவைக்கு இது எளிது. ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு கெட்டியான குழம்புபோல ஒழுகிப் போய்விடும். எஃகு ரவை நசுங்காது. ஆகவே ஒன்றின் இடுக்கில் இன்னொன்று புகுந்து, வரிசையை மாற்றிக்கொண்டுதான் போக முடியும். ரவை சிறியதாக இருந்தால் இந்த இடமாற்றம் நடக்கிறது. ரவை பெரிதாக இருந்தால் நடப்பதில்லை. 3.25 மி.மீ. ரவை என்றால் கிண்ணத்தின் குறுக்கே ஐந்து ரவை நிற்கும்; நெகிழ்ந்து கொடுக்க இடைவெளிகள் பல இருக்கும். 4.5 மி.மீ. ரவை என்றால் குறுக்கே மூன்று அல்லது நான்குதான். அவை தோளோடு தோள் முட்டி, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை பாலம் போட்டதுபோல் இறுகிக்கொள்ளும். அந்தக் கணத்தில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ரவை கொடுக்காது, பிளாஸ்டிக் இதழ் கொஞ்சம் கொடுக்கும், மீதியைக் குழல் கொடுக்கும்.

குழல் எப்படிக் கொடுக்கிறது என்பதை நான் முதன்முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர் தம்முடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார். வாத்து வேட்டையில் பெரிய எஃகு ரவையை முழுச் சோக் வழியாகச் சில பருவங்கள் சுட்டிருக்கிறார். குழலின் வெளிப்புறத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பட்டறைக்காரர் குழலைக் கழற்றி, ஜன்னல் சட்டத்தின் கிடைக்கோடு அதன் கருநீல மேற்பரப்பில் நீளமாகப் பிரதிபலிக்கும்படி பிடித்து, மெல்லச் சுழற்றிக் காட்டினார். வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் அந்தக் கோடு இலேசாக நெளிந்து, மறுபடி நேரானது. பிறகு என் விரலை அங்கே வைத்து ஓட்டச் சொன்னார். தண்ணீர்க் குழாயில் இருக்கும் பற்றவைப்புத் தழும்பைப்போல, குழலைச் சுற்றி மோதிரமாக ஒரு மேடு. உள்ளே ஒளி பாய்ச்சிப் பார்த்தபோது அதே இடத்தில் ஒரு கரிய வளையம் நிழலாக நின்றது. சோக்கின் குறுகல் தொடங்கும் சரியான இடம் அதுதான். வளைய வீக்கம் என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த வீக்கத்தால் துப்பாக்கி கையிலேயே வெடித்துவிடும் என்று எண்ண வேண்டாம். குழலின் வாய்ப்புறத்தில் வாயு அழுத்தம், தோட்டா அமரும் அறையில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். பெரும்பாலான நேரங்களில் வீக்கம் விரலுக்கே தட்டுப்படாது. நுண்ணளவி (மைக்ரோமீட்டர்) வைத்து அளந்தால்தான் தெரியும். ரவை விழும் பரவலிலும் பெரிய மாற்றம் இருப்பதில்லை. கனமான ஒற்றைக்குழல் துப்பாக்கியில் இது தோற்றக்குறை என்ற அளவோடு நின்றுவிடும். ஆனால் அருகருகே அமைந்த இரட்டைக்குழலில் கதை வேறு. அங்கே இரு குழல்களையும், அவற்றுக்கு மேலும் கீழும் ஓடும் மெல்லிய பட்டைகளையும் ஈயப் பற்றாசு வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒரு குழல் இழையளவு வீங்கினாலும் அந்த ஒட்டு விட்டுவிடும். வழியில் ஈரம் புகும். உள்ளே துரு பிடிக்கத் தொடங்கும். குழல்களைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால், நல்ல ஒட்டுள்ள குழல் மணிபோல் நீண்டு ஒலிக்கும். பட்டை விட்டுப்போனது தகரம்போல் அதிரும். நான் பார்த்த துப்பாக்கி தகரம்போல்தான் அதிர்ந்தது. எல்லாப் பட்டைகளையும் எடுத்து மறுபடி ஒட்டுவதற்கு ஆன செலவு அந்தத் துப்பாக்கியின் விலையை நெருங்கியது.

குறுகிய வாய்க்குள் நெகிழாத பொருளை அனுப்பக் கூடாது என்பது இந்த நூற்றாண்டில் கண்ட உண்மை அல்ல. சோக் இங்கிலாந்தில் பரவத் தொடங்கிய 1870-களிலேயே, அத்தகைய குழல்களின்மேல் 'பந்துக்குண்டு சுடுவதற்கல்ல' என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தை அங்குள்ள புரூஃப் இல்லங்கள் பொறித்தன. எஃகு ரவையின் சிக்கல் அதே சிக்கல்தான்.

புரூஃப் இல்லம் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டு துப்பாக்கிகளுக்குமான விடை அந்த முத்திரைகளில்தான் இருக்கிறது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிட மிகுந்த அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுச் சோதித்து, தாங்கினால் முத்திரை குத்துவது அவர்கள் வேலை. லண்டன் இல்லத்தின் உரிமை 1637-லிருந்து வருகிறது. பர்மிங்காம் இல்லம் 1813-இல் அமைந்தது. இன்று ஐரோப்பிய நாடுகள் பலவும் சி.ஐ.பி. என்னும் பன்னாட்டு ஆணையத்தின் ஒரே விதிகளைப் பின்பற்றுகின்றன. அந்த விதிகள் எஃகுத் தோட்டாவை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. சாதாரண எஃகுத் தோட்டாவின் சராசரி உச்ச அழுத்தம் 740 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). 12 போரில் அதன் ரவை 3.25 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. உயர்திறன் எஃகுத் தோட்டாவுக்கு 1050 பார் வரை இடமுண்டு. அதைச் சுடும் துப்பாக்கி 1320 பார் அழுத்தத்தில் எஃகு ரவையாலேயே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். தேறிய குழலில் மூன்று இதழ் விரிந்த அல்லி மலர் வடிவம் ஒன்றைக் குத்துவார்கள். தோட்டாப் பெட்டியில் உயர்திறன் என்று எழுதியிருந்து, உங்கள் குழலில் அந்த மலர் இல்லையென்றால், அந்தப் பெட்டி உங்களுக்கானது அல்ல. மலர் இருந்தாலும்கூட, ரவை 4 மி.மீ.-க்கு மேல் இருந்தால் பாதிச் சோக்கைத் தாண்டக் கூடாது என்பதும் விதி.

உயர்திறன் என்று ஒரு வகை ஏன் தேவைப்பட்டது என்று நீங்கள் கேட்கலாம். எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், ஈயத்துக்கு 11-க்கும் மேல். அதே அளவுள்ள எஃகு ரவை, ஈய ரவையின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். இலேசான ரவை காற்றில் விரைவில் தளர்ந்துவிடும். அதை ஈடுகட்ட வேட்டைக்காரர்கள் இரண்டு படி பெரிய ரவையை எடுத்துக்கொள்கிறார்கள்; தோட்டா செய்பவர்கள் வேகத்தைக் கூட்டுகிறார்கள். பெரிய ரவை சோக்கை நெருக்குகிறது. கூடுதல் வேகம் அழுத்தத்தை ஏற்றுகிறது. ஆக, குழலுக்கு வரும் ஆபத்தில் கடினத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, எடைக்குறைவுக்கும் அதே அளவு பங்கு உண்டு. களிமண் தட்டு சுடுபவருக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. தட்டு உடைய 24 அல்லது 28 கிராம் சிறு ரவை போதும். உங்கள் புதிய துப்பாக்கியைப் பற்றி நான் இவ்வளவு உறுதியாகப் பேசுவதற்கு அதுவே காரணம்.

அனுபவச் சான்றும் இருக்கிறது. நீர்நிலைகளின் அடியில் கிடக்கும் ஈய ரவையை, இரைப்பையில் உணவை அரைக்கும் கூழாங்கல் என்று எண்ணி வாத்துகள் விழுங்குகின்றன; ஈயம் இரத்தத்தில் கலந்து, கழுத்துத் தொய்ந்து, நாள்கணக்கில் நலிந்து சாகின்றன. வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளில் 2 முதல் 3 சதவீதம் வரை இப்படி இறப்பதாக ஃபிராங்க் பெல்ரோஸ் என்ற நீர்ப்பறவை ஆய்வாளர் 1959-இல் கணக்கிட்டார். அந்த வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் செத்தன. நீண்ட வழக்குகளுக்கும் வாதங்களுக்கும் பிறகு 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் தடைசெய்யப்பட்டது. டென்மார்க் 1996-இல் ஈய ரவையையே முற்றிலும் விலக்கியது. ஆக, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, உப்புச்சேற்றிலும் உறைபனியிலும் கணக்கற்ற எஃகுத் தோட்டாக்கள் சுடப்பட்டு வருகின்றன. பொருத்தமான சோக்கோடு சுட்ட புதிய துப்பாக்கிகள் இதனால் கெட்டுப்போயிருந்தால், அந்த நாடுகளில் அது ஊரறிந்த செய்தியாகியிருக்கும். ஆகவில்லை. இங்கிலாந்தில் வாத்துக்கும் கடலோர நிலங்களுக்கும் 1999 முதலே தடை உண்டு. மற்ற வேட்டைக்கும் ஐந்தாண்டுகளில் தாமாகவே ஈயத்தைக் கைவிடுவோம் என்று ஒன்பது அமைப்புகள் 2020 பிப்ரவரியில் அறிவித்தன. 2025 ஜூலையில் அரசே சட்டத் தடையை, மூன்றாண்டு அவகாசத்தோடு, அறிவித்தது. உங்கள் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அதே அனுபவம் மறுபக்கத்தையும் காட்டுகிறது. ஈயம் மட்டுமே இருந்த காலத்தில், ஈயத்தை மட்டுமே நினைத்துச் செய்த குழல்களை அவற்றைச் செய்த நிறுவனங்களே விலக்கி வைத்திருக்கின்றன. பிரவுனிங் நிறுவனம், பெல்ஜியத்தில் செய்யப்பட்ட தன் பழைய ஆட்டோ-5, சூப்பர்போஸ்ட் துப்பாக்கிகளில் எஃகு ரவையைச் சுட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அவை மட்டமான துப்பாக்கிகள் அல்ல. தங்கள் காலத்தில் உலகின் மிகச் சிறந்தவற்றுள் வைத்து எண்ணப்பட்டவை. தரத்துக்கும் எஃகு ரவையைத் தாங்குவதற்கும் தொடர்பில்லை என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். சொல்லப்போனால், விலையுயர்ந்த பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள்தான் மிகவும் நொய்யவை, ஏனென்றால் கையில் இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காகக் குழல் தகட்டை வல்லுநர்கள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெல்லியதாகச் சீவியிருப்பார்கள்.

இனி மாமனாரின் துப்பாக்கி. நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று செய்திகள் தெரிகின்றன. அறையின் நீளம் இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. தோட்டாவுக்கானது, இன்று விற்கும் எஃகுத் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மி.மீ. நீளமுள்ளவை. அத்தகைய தோட்டா குட்டையான அறையில் உள்ளே போய்விடும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இரண்டாவது, வலக்குழல் கால் சோக், இடக்குழல் முழுச் சோக். மூன்றாவது, புரூஃப் முத்திரை இன்றைய பார் கணக்குக்கு முற்பட்டது. 65 மி.மீ. நீளத்தில் மென்மையாக நிரப்பிய எஃகுத் தோட்டாக்களும் சந்தையில் கிடைக்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. அவற்றை உங்கள் வலக்குழல் தாங்கக்கூடும். ஆனால் கையில் இருப்பது இரட்டைக்குழல். பறவை எழும் பரபரப்பில் எந்த விசையை அழுத்துகிறோம் என்று எண்ணிக்கொண்டு நிற்க முடியாது. இடக்குழலைப் பாதிச் சோக்குக்குக் கடைந்துவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கனமான குழல் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். உங்களுடையதில் தகட்டின் கனத்தை முதலில் அளக்க வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 20 பங்கு, அதாவது அரை மி.மீ., குறைந்தபட்சம் என்பது இங்கிலாந்துப் பட்டறைகளின் நெடுநாள் கணக்கு. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் துரு நீக்குவதற்காகப் பலமுறை உள்ளே தேய்க்கப்பட்ட குழல்கள் பலவும் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. டமாஸ்கஸ் என்னும் முறுக்குக் குழல்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவற்றில் எஃகு ரவை எந்நாளும் கூடாது.

அந்தத் துப்பாக்கியை அலமாரியில் பூட்டி வைத்துவிட வேண்டும் என்பதல்ல. பிஸ்மத் ரவை இருக்கிறது. சிறிதளவு வெள்ளீயம் கலந்த பிஸ்மத்தின் அடர்த்தி 9.6 அளவு; எஃகைவிடக் கனமானது, ஈயத்தைவிடச் சற்றே இலேசானது. நெருக்கினால் நசுங்கவோ நொறுங்கவோ செய்யும். குழலை எதிர்த்து நிற்காது. 65 மி.மீ. தோட்டாவாகவே, பழைய அழுத்த எல்லைக்குள், கிடைக்கிறது. டங்ஸ்டன் தூளைப் பிளாஸ்டிக்கில் குழைத்துச் செய்த ரவையும் இப்படித்தான். அடர்த்தியில் ஈயத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிடும். ஆனால் பெயரில் டங்ஸ்டன் இருப்பதெல்லாம் ஒன்றல்ல: உலோகமாகவே உருக்கிச் சேர்த்த டங்ஸ்டன் ரவை எஃகைவிடக் கடினமானது, பழைய குழலுக்கு எஃகைவிட மோசமானது. பெட்டியின்மேல் எழுதியிருப்பதை முழுவதும் படித்துவிட்டு வாங்குங்கள்.

புதிய துப்பாக்கியில் சோக் திருகிக் கழற்றும் குழாயாக வருகிறது. குழாயின் விளிம்பிலோ உடலிலோ எஃகுக்கு ஏற்றதா இல்லையா என்று பொறித்திருப்பார்கள். துப்பாக்கியோடு வந்த கையேட்டிலும் இருக்கும். முழுச் சோக் குழாயைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். எஃகு ரவை நசுங்காததால் உருண்டையாகவே பறக்கிறது, பக்கவாட்டில் விலகுவது குறைவு. ஈயத்துக்கு முழுச் சோக் கொடுத்த நெருக்கத்தை எஃகுக்குப் பாதிச் சோக்கே ஏறத்தாழ கொடுத்துவிடும். எனவே இறுக்கமான சோக்கை விடுவதால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. கால் சோக்கில் தொடங்கி, 30 கெஜம் தூரத்தில் ஒரு பெரிய வெள்ளைத்தாளைக் கட்டிச் சுட்டு, துளைகளை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய குழாயில் சேதம் முதலில் வேறு வடிவில் வரும். குழாய் இழையளவு விரிந்தால், மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, திருகிக் கழற்ற வராது. சுட்ட நாள் மாலையிலேயே குழாயைக் கழற்றித் துடைத்து, மரையில் கிரீஸ் தடவி மாட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக விரலால் சுழலும் குழாய் ஒருநாள் சாவி போட்டால்தான் அசையும் என்றால், அழுக்கு சேர்ந்திருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்பதைப் பார்க்காமல் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். குழலின் உட்புறம் குரோம் பூசியது என்று விற்பவர் பெருமையாகச் சொல்லியிருப்பார். அது துருவுக்கும் உரசலுக்கும் நல்லது. சோக்கின் நெருக்கலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

தோட்டாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் குறைவு. எஃகு ரவை துருப்பிடிக்கும். மழையில் நனைந்து, சட்டைப்பையில் கிடந்து, அடுத்த பருவத்தில் எடுத்த தோட்டாவுக்குள் ரவைகள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டி, ஒரே கட்டியாக இறுகியிருக்கலாம். அந்தக் கட்டி சோக்கில் எதற்கும் நெகிழாது. இதுவரை நான் சொன்ன கணக்கெல்லாம் ரவை தனித்தனியாக நகரும் என்ற நம்பிக்கையில் சொன்னது. நனைந்த தோட்டாவைச் சிக்கனம் பார்த்து வைத்துக்கொள்ளாதீர்கள். பெட்டி கிழிந்துபோய், கலந்து கிடக்கும் தோட்டாக்களில் எது எஃகு, எது ஈயம் என்ற ஐயம் வந்தால், ஒரு காந்தத்தைத் தோட்டாவின் நடுப்பகுதியில் வைத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் உள்ள உலோகக் கிண்ணமும் சிலவற்றில் காந்தத்தை இழுக்கும் என்பதால், ரவை இருக்கும் மேல்பாதியில்தான் வைக்க வேண்டும். மாமனாரின் துப்பாக்கிக்கு எடுத்து வைத்த தோட்டாக்களை இப்படி ஒருமுறை பார்த்துவிடுவது மிகவும் நல்லது.

கடைசியாக, என் சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டாம், அளந்து பாருங்கள். புதிய துப்பாக்கியில் எஃகுத் தோட்டாவின் முதல் பெட்டியைத் திறப்பதற்கு முன், வாயிலிருந்து இரண்டு, நான்கு, ஆறு, எட்டு சென்டிமீட்டர் தூரங்களில் குழலின் வெளிவிட்டத்தை நுண்ணளவியால் அளந்து, வீட்டில் நீங்கள் அளக்கும் அறையின் வெப்பநிலையோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சுட்டதும் குழல் சூடாக இருக்கும். அப்போது அளந்தால் எண் ஏமாற்றும். மறுநாள் காலை, அதே அறையில், அதே இடங்களில் மீண்டும் அளந்து பாருங்கள். 25 தோட்டா சுட்ட பிறகு ஒருமுறை, 250 சுட்ட பிறகு ஒருமுறை. எண்கள் அசையவில்லை என்றால் உங்கள் சோக்கும் தோட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. ஏதாவது ஓர் இடத்தில் நூறில் ஒரு பங்கு மி.மீ. கூடியிருந்தால்கூட, சோக்கை ஒரு படி தளர்த்திவிட்டு, அந்தத் தாளையும் குழலையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள பட்டறைக்குப் போங்கள்.